வீடு பாக்க வாராக

— இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் கேக்குறேன் அசோக்கு. ஒங்கப்பாவ எங்கயாச்சும் கொண்டு போய் வச்சிரு. பொழுது சாயத் திருப்பிக் கூட்டிட்டு வந்துரலாம். வீட்டுக்காரி திடுதிப்புன்னு வந்து நின்னு இப்படிக் கேக்குறாளேன்னு நினைக்காத.

— மீனாக்கா, நானே ஒங்களுக்குப் போன் போடலாம்னுதான் இருந்தேன்...

— இரு, நான் சொல்லி முடிச்சிர்றேன். பாதியில நிறுத்துனேன்னா மறுபடி எனக்கு வாய் வராது. கோச்சடையிலருந்து பழங்காநத்தம் வரைக்கும் பஸ்ஸுல இதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். வீடு பாக்க வாராக அசோக்கு.

— இன்னைக்கா?

— இன்னைக்குத்தான். இன்னும் செத்த நேரத்துல. அருள்பாண்டின்னு உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. செங்கல் சூளை வச்சிருக்காராம். முன்னாடியே தெருவுல நின்னு வெளிய பாத்துட்டுப் போயிருக்காரு. இன்னைக்கு உள்ள வந்து பாத்துப் பிடிச்சிருந்தா, நின்ன எடத்துல அட்வான்ஸ் போட்டுருவேன்னு புரோக்கர்கிட்ட சொல்லியிருக்காரு.

— யக்கா, அப்பாவ இப்ப அசைக்க முடியாதுக்கா.

— தெரியும்டா. டாக்டரு கைய விரிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னாருன்னும் தெரியும். ஆம்புலன்ஸுக்கு நான் பணம் தாரேன். பெரியாஸ்பத்திரி வளாகத்துல ஏதாச்சும் மரத்தடியில போட்டு...

— மரத்தடியிலயாக்கா?

— பாத்தியா, நான் என்ன பேசுறேன்னு பாத்தியா. இம்புட்டு வருஷம் எங்க வீட்ல குடியிருக்கிற மனுஷன மரத்தடியில போடச் சொல்றேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு அசோக்கு. போன தடவ வந்தவுகள ஒனக்கு நினைவிருக்கா?

— அந்தப் பேங்க் கிளார்க்கும் அவரு சம்சாரமுமா?

— அவுகதான். ஒங்கப்பா உள்ள இருந்து இருமுனாரு. அந்தம்மா வாசல்லயே நின்னுருச்சு. செருப்பைக் கூடக் கழட்டலை. இழுத்துக்கிட்டுக் கிடக்குற ஆளு இருக்கிற வீடு நமக்கு எதுக்குன்னு புருஷனத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி வந்தவுகளும் அதே கதைதான். நான் ஒன்கிட்ட சொல்லலை. சொன்னா ஒங்கம்மா மனசு கஷ்டப்படும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.

— எங்களால ஒங்களுக்கு இம்புட்டு கஷ்டமாக்கா.

— ஒங்களால இல்ல. இன்னைக்கு நாளும் சரியில்ல, அதுதான் பயமா இருக்கு. காலண்டரப் பாத்துட்டுத்தான் ஓடி வாரேன். இன்னைக்கு அவிட்டம். அடைப்பு நட்சத்திரம். இன்னைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆறு மாசம் வீட்டை அடைச்சுப் போட்டு விளக்கு வைக்கணும்பாக. எங்க ஊர்ல அடைப்புல செத்த கிழவர வாசல் வழியா எடுக்காம, பின்னாடிச் சுவத்தை இடிச்சு எடுத்தத நானே கண்ணால பாத்திருக்கேன். நான் இதையெல்லாம் பெருசா நம்புறவ இல்ல. ஆனா வாங்க வாரவன் நம்புறானே. அருள்பாண்டி சம்சாரம் இதுல ரொம்பக் கண்ணும் கருத்துமா இருக்குமாம். புரோக்கரு மூணு வாட்டி சொல்லிட்டான்.

— இந்த ஆளு இல்லன்னா வேற ஆளு வரமாட்டாகளாக்கா? அவசரப்பட்டு விக்கணுமா?

— திங்கக்கிழம கோச்சடை வீடு ஏலத்துக்குப் போகுது.

— ஒங்க வீடா? நீங்க இருக்கிற வீடா?

— கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாக. தெருவே நின்னு வாசிச்சுச்சு. நான் கிழிக்கப் போனேன், கிழிச்சா கேஸு ஆயிரும்னு பக்கத்து வீட்டுக்காரரு கையப் பிடிச்சுக்கிட்டாரு.

— அது ஒங்க மாமனார் கட்டுன வீடுல்லக்கா. கடன் எங்கருந்து வந்துச்சு?

— இந்த வீட்டுக்காகத்தான் அதை அடகு வச்சோம். தெருவுக்கு ரோடு போட்டுப் போட்டு இந்த வீடு பள்ளமாப் போச்சுல்ல. மழை பெஞ்சா ஒங்க கட்டிலுக்கடியில தண்ணி நின்னுச்சு. தரையை ஏத்தித்தான் ஆகணும். சரின்னு ஆரம்பிச்சோம். அதோட நின்னுருக்கணும். எங்க வீட்டுக்காரரு, ஒங்க அண்ணன், கேக்கலை. தரையை ஏத்துறோம், டைல்ஸைப் போட்டுருவோம்னாரு. டைல்ஸ் போட்டதும், இந்தப் பழைய சமையக்கட்டு இதுக்குப் பொருந்தலை, புதுசா கப்போர்டு வச்சுக் கட்டிருவோம்னாரு. அப்புறம் மாடியில ரெண்டு ரூமு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறவுக குடி வருவாக, வாடகை ரெட்டிப்பாகும், கடன் தன்னால அடைஞ்சிரும்னாரு. ஒரு கார் திரும்ப எடமில்லாத சந்துக்குள்ள எவன் வருவான்? மாடி ரூமுக்கு வெள்ளையடிச்ச நாள்லருந்து புறாதான் குடியிருக்கு.

— என் வாடகைய ஏத்திக்கங்கன்னு நான் சொன்னேன்லக்கா.

— ஒனக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏத்துறது? வேலை நடந்தப்ப பாதி வீட்ல சிமெண்ட்டு மூட்டைக்கு நடுவுல சோறு பொங்கித் தின்னீக. ஒங்கப்பா காலைலயும் சாயந்தரமும் புதுப் பூச்சுக்குக் குடம் குடமா தண்ணி ஊத்துனாரு. கொத்தனாருக்குக் கூட அந்த அக்கறை கிடையாது. நான் வாரப்ப எல்லாம், வீட்டுக்காரம்மா வந்துருக்காகன்னு சொல்லி எந்திரிச்சு நிப்பாரு. உக்காருங்கய்யான்னு சொன்னாலும் உக்கார மாட்டாரு. அந்த மனுஷனத்தான் நான் இன்னைக்கு...

— அழாதீங்கக்கா. அண்ணன் என்ன சொல்றாரு?

— ஒங்க அண்ணனா? நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கு நிறுத்துன பேச்சுத்தான். சாப்பிடுன்னா சாப்பிடுறாரு, படுன்னா படுக்குறாரு. செவத்தப் பாத்துத் திரும்பிக்கிறாரு. நான் பாத்ரூம் தாப்பாளக் கழட்டி வச்சிருக்கேன் அசோக்கு.

— எதுக்குக்கா?

— எதுக்குன்னு கேக்குறியே. முந்தாநேத்து மொட்டை மாடிக் கொடிக்கயித்த அவுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னங்க இதுன்னேன். முடிச்சு அவுக்குறேன்னு கையால சாடை காட்டுனாரு. அந்தக் கயித்துல ஒரு முடிச்சும் கிடையாது. அன்னைக்குப் பூரா நான் கண்ணு மூடலை. இப்பவும் பக்கத்து வீட்டுப் பொண்ணை அவரு முன்னாடி உக்கார வச்சு, பாடம் சொல்லிக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு வீடு போனாக்கூடப் பரவாயில்ல. ஏலம் விட்டான்னா அவரு இருக்க மாட்டாரு. இதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?

— புரியுதுக்கா.

— ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே. போன் போடலாம்னு இருந்தேன்னியே.

— ஒண்ணுமில்லக்கா.

— சொல்லு.

— மோட்டார் சத்தம் போடுது. தண்ணி ஏற மாட்டேங்குது. அதைச் சொல்லத்தான்.

— இதையா. இத அவுககிட்ட சொல்லித் தொலைச்சிராத. அப்ப அப்பாவ என்ன செய்யலாம்? ஆட்டோவுல சாச்சு உக்கார வச்சாவது...

— அப்பா இங்கயே இருக்கட்டும்க்கா. அவரால ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது.

— இருமுவாரேடா.

— இருமல் வராதுக்கா.

— எப்படி அம்புட்டு நிச்சயமாச் சொல்ற?

— மருந்து குடுத்திருக்கு. அசந்து கிடக்காரு. சத்தமே வராது. நான் பொறுப்பு. அட்வான்ஸ் குடுத்துட்டாருன்னா, நாளைக்கு அந்த ஆளு மனசு மாறித் திருப்பிக் கேக்க மாட்டாரா?

— எப்படிக் கேப்பாரு? நம்ம கைக்கே வராது. பாதிப் பணம் நேரா பேங்குக் கடன் கணக்குக்குப் போயிரும். ஏலத்தை நிறுத்திருவாக. நடுவுல அவரு பின்வாங்குனா அந்தப் பணத்தை நாங்க வித்துத்தான் குடுக்க முடியும்னு எழுத்துல போடச் சொல்லியிருக்கேன். வக்கீலு எழுதியும் குடுத்துட்டாரு, பையில வச்சிருக்கேன். திங்கக்கிழமையத் தாண்டிட்டா போதும் அசோக்கு. அதுக்கப்புறம் எந்தச் சண்டை வந்தாலும் நான் ஒருத்தியா நின்னு தாங்கிக்கிருவேன்.

— அப்பச் சரிக்கா. வரச் சொல்லுங்க.

— நான் ஒரு எட்டு அப்பாவப் பாத்துக்கிறேனே. மூணு வாரமாச்சு பாத்து.

— இப்ப வேணாங்கக்கா. கதவைத் திறந்தா முழிச்சுக்கிருவாரு. அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காக.

— சரி, சரி. கதவு அடைச்சே இருக்கட்டும். என்ன, வாசல்ல இன்னைக்குக் கோலமே போடலையே ஒங்கம்மா?

— அம்மாவுக்கு முடியலைக்கா.

— மொட்டை வாசல் வழியாவா விலைக்கு வாங்குறவன உள்ள கூப்பிடுறது? கோலப்பொடி டப்பாவ எடு, நான் போட்டுர்றேன்.

— நீங்க எதுக்குக்கா, விடுங்க.

— எடுடான்னா. எம் பேருல இருக்கிற வீடு, எங் கையால ஒரு கோலம் போடக் கூடாதா? நாளைக்கு யாரு போடப் போறாகளோ. ஊதுபத்தி வாசம் வருதே, பொருத்தி வச்சுட்டியா? நல்லவேளை. நானே சாம்பிராணி போடச் சொல்லணும்னு நினைச்சேன். மருந்து வாடை தெரியாது.

— ஆமாக்கா.

— ஒன் கண்ணு ஏன்டா இம்புட்டுச் செவந்து கிடக்கு?

— சரியாத் தூங்கலைக்கா. இந்தாங்க பொடி.

— கோலம் போட்டாச்சு, எட்டிப் பாரு, நல்லாருக்கா? இப்ப ஒரு பாத்திரத்துல பாலைக் காய்ச்சு. வாரவருக்குக் காப்பி குடுக்கணும். புதுச் சமையக்கட்டுல அடுப்பு எரியுறதையும் அவரு பாக்கட்டும்.

— கேஸு தீந்துபோச்சுக்கா. நான் கடையில டீ வாங்கிட்டு வாரேன்.

— நேரம் பாத்துத்தான் தீரும். சரி, ஓடு. பால் டீ ரெண்டு வாங்கு, ஸ்ட்ராங்கா. ஒனக்கும் ஒங்கம்மாவுக்கும் சேத்து வாங்கிக்க.

— எங்களுக்கு வேணாங்கக்கா.

— நில்லு, போகாத. தெருமுனையில ஒரு ஆளு வாரது தெரியுது. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. அவரேதான். கார முக்குலயே விட்டுட்டு நடந்து வாராரு. அன்னைக்கு வந்தப்பவே சந்து சின்னதுன்னு தெரிஞ்சு போச்சு. சாமி, நீதான் காப்பாத்தணும்.

— வாங்கண்ணே. வாங்க.

— வாரேன் தங்கச்சி. அன்னைக்கே பாத்தேன், தெரு ரொம்ப ஒடுக்கமா இருக்கு. ரெண்டு மாடு எதுக்க வந்தா ஒண்ணு வீட்டுக்குள்ள ஏறிரும் போல.

— ரோடு போட்டு மேடானதுல அப்படித் தெரியுதுண்ணே. பைக்கு, ஆட்டோ எல்லாம் நல்லா வரும்.

— நான் குறை சொல்லலை தங்கச்சி. உள்ளதச் சொன்னேன். நான் வாங்கும்போதே வாயைத் திறந்து பேசிருவேன். பின்னாடி முணுமுணுக்கிற ஆளு இல்ல. பேச்சு பேச்சா இருக்கணும். இது யாரு, மாப்ள?

— குடியிருக்கிறவருண்ணே. அசோக்குமாரு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருக்காப்ல. தங்கமான குடும்பம்.

— என்ன மாப்ள, எம்புட்டு நாளா இருக்கீக?

— பதினோரு வருஷமாச்சுண்ணே.

— தண்ணி?

— ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்ணே. போரும் இருக்கு.

— உப்பா?

— குளிக்கலாம், குடிக்க முடியாதுண்ணே.

— உள்ளதச் சொல்றீக. நல்லது. தரை சத்தம் நல்லாத்தான் வருது. டைல்ஸுக்கடியில வெத்து எடம் இல்ல. இந்தச் சமையக்கட்டுக்கு எம்புட்டுச் செலவு பண்ணீக தங்கச்சி?

— அதை மட்டும் கேக்காதீகண்ணே.

— கேக்கலை. ஒங்க மூஞ்சியே சொல்லுது. வாடகை வீட்டுக்கு இம்புட்டு இழைக்கக் கூடாது தங்கச்சி. குடி வாரவன் சுவத்துல ஆணிதான் அடிப்பான். ஆனா நமக்கு நல்லதாப் போச்சு, மக குடி வரும்போது நான் ஒரு வேலையும் பாக்க வேணாம். ஆமா, எம் மகளத்தான் இங்க வைக்கப் போறேன். மருமகனுக்குப் பசுமலையில வேலை கிடைச்சிருக்கு. அதனாலதான் வீட்டுக்காரி ஆயிரம் கேள்வி கேக்குறா. இந்தக் கதவு ஏன் அடைச்சிருக்கு?

— அது படுக்கிற ரூமுண்ணே. உள்ள ஒங்களுக்கு ஒண்ணும்... அசோக்கு அம்மா படுத்திருக்காக. சொகமில்ல.

— பாத்துருவோமே. அந்த மூலையிலதான் பக்கத்து வீட்டுச் சுவரு ஒட்டி வருது. ஓதம் இருந்தா அந்த ரூமுலதான் இருக்கும். சூளைக்காரன்கிட்ட சுவத்தை மறைக்கலாமா?

— மறைக்கலைண்ணே. அவுக தூங்குறாகளேன்னுதான்... அசோக்கு, நீ சொல்லேன்.

— பாக்கட்டும்க்கா. இருங்கண்ணே, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திறக்குறேன்... அம்மா, வீடு பாக்க வந்திருக்காக. எந்திரிக்க வேணாம். அப்படியே இருங்க... வாங்கண்ணே. வாசல்ல நின்னே பாத்துக்கங்க.

— இது யாரு மாப்ள, கட்டில்ல? பெரியவரா?

— எங்கப்பாண்ணே.

— ஒடம்புக்கு என்ன? இந்த வேக்காட்டுல காதை மூடி தலையோட துண்டு கட்டியிருக்கு?

— குளிர் காய்ச்சல்ண்ணே. போர்வைய விலக்குனா நடுங்குவாரு.

— எங்கய்யாவுக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தான் குளிரும். நல்ல தூக்கம் போல. நாம பேசுறது கூடக் காதுல விழலையே. அம்மா ஏன் மாப்ள, முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக?

— பல் வலிண்ணே. ரெண்டு நாளா.

— கிராம்பு வச்சுக் கடிங்கம்மா. கண்ணுல தண்ணி கொட்டுதே, பாவம். சாப்பிட்டீகளா? பாருங்க, பதில் கூடச் சொல்ல முடியலை. தலைய மட்டும் ஆட்டுறாக. சாத்து மாப்ள கதவை, அவுகளத் தொந்தரவு பண்ண வேணாம். சுவரு நல்லாத்தான் காஞ்சிருக்கு. ஓதம் இல்ல. யாரோ நல்லாத் தண்ணி விட்டு நனைச்சிருக்கான்.

— மாடி பாக்கலாமாண்ணே?

— மாடிய வெளிய இருந்தே பாத்துட்டேன் தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீட்டுக்காரி கேக்காம வரக் கூடாதுன்னு சொல்லி விட்டா. எம் மக வயித்துப்பிள்ளையோட வந்து இறங்கப் போற வீடு. இங்க தூக்கு, மருந்து, தீக்குளிப்புன்னு துர்மரணம் ஏதும் நடந்திருக்கா?

— ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்லண்ணே. இந்த வீட்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு சாவு விழுந்ததில்ல. எங்க வீட்டுக்காரரு மேல சத்...

— யக்கா. வேணாம். அண்ணன் மேல சத்தியம்லாம் பண்ணாதீக. நீங்க கோச்சடையில இருக்கீக, நான் இங்க இருக்கிறவன். நான் சொல்றேண்ணே. இந்த வீட்ல யாரும் துர்மரணமாப் போனதில்ல. எங்கம்மா மேல சத்தியம்.

— போதும் மாப்ள. ஒங்க வாய்ச்சொல்லு போதும். எங்க ஊர்லயும் அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டான் எவனும். இப்ப ஒங்க விஷயம். எம் மகளுக்கு அடுத்த மாசம் பால் காய்ச்சணும். எப்பக் காலி பண்ணுவீக?

— அண்ணே, அவருக்குக் கொஞ்சம் டயம் குடுக்கணும். வயசானவுகள வச்சிருக்காப்ல. வேற வீடு பாக்கணும்...

— இல்லக்கா. ஒரு வாரம் போதும்ணே. காரியமெல்லாம் முடிச்சுட்டுக் காலி பண்ணிருவோம்.

— ஒரு வாரமா? ஏன் அசோக்கு?

— அம்மாவ ஊருக்கு அனுப்பிருவேன்க்கா. நான் கடை மாடியில தங்கிக்கிருவேன்.

— பாத்தீகளா தங்கச்சி, ஆம்பளப் பேச்சுன்னா இது. சரி, எழுத்தக் குடுங்க. வக்கீலு எழுதுனதா? படிச்சுக் காட்டு மாப்ள, கண்ணாடிய கார்ல வச்சுட்டேன்.

— விக்கிறவர் பாண்டிமீனா, கணவர் பெயர் உக்கிரபாண்டி. வாங்குறவர் அருள்பாண்டி. இன்னைத் தேதியில பாதித் தொகை நேரடியா பேங்குக் கடன் கணக்குல... மீதி கிரயத்தன்னைக்கு. வாங்குறவர் பின்வாங்குனா, விக்கிறவர் சொத்தை வேற ஆளுக்கு வித்த பிறகுதான் முன்தொகையத் திருப்பித் தருவார்...

— இந்த நிபந்தனை கொஞ்சம் கடிசாத்தான் இருக்கு. பரவாயில்ல. ஏலத்துல இருக்கிற வீட்டைக் காப்பாத்தணும்னு புரோக்கரு சொன்னான். அடுத்தவுக வீடு போறதப் பாத்துக்கிட்டு நான் முட்டுக்கட்டை போட மாட்டேன். நான் ஏன் பின்வாங்கப் போறேன்? பேனாவக் குடுங்க. இந்தா, எங் கையெழுத்து. சாட்சிக்கு மாப்ள போடட்டும்.

— நானாண்ணே?

— ஒங்க வார்த்தைய நம்பித்தானே வாங்குறேன். போடுங்க. ம். இப்ப எம் மகனுக்குப் போன் போடுறேன், அவன் அங்க பேங்குலயே உக்காந்திருக்கான்... டேய், அனுப்பிரு. ஆமா, முடிஞ்சிருச்சு. நல்ல வீடுதான்... தங்கச்சி, ஒங்க போனைப் பாருங்க.

— இருங்கண்ணே, எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது, கண்ணு மங்குது... அசோக்கு, நீ பாரு.

— பேங்குக் கணக்குல வரவு வந்திருச்சுக்கா.

— வந்திருச்சா? நிசமாவா?

— வந்திருச்சுக்கா.

— அழுகாதீக தங்கச்சி. அண்ணன் குடுத்ததா நினைச்சுக்கங்க. சரி, நான் கிளம்புறேன். டீயெல்லாம் வேணாம், அடுத்த தடவ எம் மக கையால குடிப்போம். பெரியவர நல்லாப் பாத்துக்க மாப்ள. வாரேன்.

— வாங்கண்ணே. பாத்துப் போங்க, அந்த முக்குல சாக்கடை மூடி ஒடஞ்சு கிடக்கும்... போயிட்டாரு அசோக்கு. நடந்துச்சா இது? நெசமாவே நடந்துச்சா? நீ என்னைக் கிள்ளு.

— நடந்துச்சுக்கா. அண்ணனுக்குப் போன் போடுங்க.

— ஆமா, ஆமா... யாரு, பாப்பாவா? மாமாகிட்ட குடு... என்னங்க. முடிஞ்சிருச்சுங்க. பணம் பேங்குக்குப் போயிருச்சு. ஏலம் கிடையாது. கேக்குதா? நம்ம வீடு நமக்குத்தாங்க. ஏதாச்சும் சொல்லுங்களேன்... என்ன? என்ன சொன்னீக?... சரி, சரிங்க. வந்துர்றேன். வந்து சமைக்கிறேன்.

— என்னக்கா சொன்னாரு?

— பசிக்குதுன்னாரு அசோக்கு. இம்புட்டு நாளைக்கு அப்புறம் பேசுன மொத வார்த்தை. பசிக்குது மீனான்னாரு. கத்திரிக்காக் கொழம்பு வைக்கிறியான்னு கேக்குறாரு.

— போங்கக்கா. போய் வச்சுக் குடுங்க.

— போறேன். ஆனா ஒனக்கு ஒரு வீடு பாக்காம நான் ஓய மாட்டேன். கடை மாடியில தங்குறேன்னு நீ சொன்னது எனக்குப் பிடிக்கலை. ஏன்டா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஒரு வாரம் போதும்னு முந்திக்கிட்டுச் சொல்ற? ஒங்கப்பாவ இந்த நெலமையில எங்க தூக்கிட்டுப் போவ? மாடி ரூமு கிரயம் வரைக்கும் எங்க பொறுப்புத்தான், அங்க வச்சுக்கலாம்னு நான் அவருகிட்ட பேசியிருப்பேன்ல. நீ அந்தக் கதவைத் திறந்தப்ப நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். இருமிருவாரு, இருமிருவாருன்னு என் நெஞ்சு அடிச்ச அடி ஒனக்கே கேட்டிருக்கும். ஒரு செருமல் கூட வரலை. ஒங்கப்பா இன்னைக்கு எனக்குச் சாமி அசோக்கு. உள்ள போயி அவரு கால ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறேன். நகரு. ஏன் கதவ மறிச்சுக்கிட்டு நிக்கிற?

— யக்கா, அவரு கார் கிளம்பிருச்சா?

— அப்பவே கிளம்பிருச்சே. இந்நேரம் மெயின் ரோட்டுக்குப் போயிருக்கும். எதுக்குக் கேக்குற?

— அப்ப எங்கம்மா இனிமே வாய்விட்டு அழுதுக்கலாமாக்கா?